பழைய அவுட்போர்டு மோட்டாரில் த்ராட்டில் லூஸ்: ஆட்டம் எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார், முப்பது வருடத்துக்கு மேல் பழையது. 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், கைப்பிடியை முறுக்கி வேகம் கூட்டும் வகை. கைப்பிடியைக் கால் சுற்று முறுக்கிய பிறகுதான் இன்ஜின் பதில் சொல்கிறது. பாதி வேகத்தில் வைத்தால் சத்தம் தானாக ஏறி இறங்குகிறது. முழுதாக மூடினாலும் சில சமயம் ஸ்லோவுக்கு, அதாவது இன்ஜின் ஓடும் மிகக் குறைந்த வேகத்துக்கு, வர மறுக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, ஸ்லோ ஸ்குருவைத் திருகிப் பார்த்தாயிற்று, ஒரு நாள் சரியாக இருந்தது, மறுநாள் பழைய கதை. ஒரு இணைப்பில் கம்பி சுற்றி வைத்திருக்கிறது. என்ன செய்வது, பாகம் எப்படித் தேடுவது?

முதலில் கார்புரேட்டரிலிருந்து கையை எடுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறையும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: கைப்பிடிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள இணைப்புகளில் ஆட்டம் சேர்ந்துவிட்டது. ஆட்டம் இருக்கும்போது செய்யும் எந்த ட்யூனிங்கும் நிற்காது. இன்று ஸ்லோ ஸ்குருவை வைக்கும்போது இணைப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நாளை அதிர்வில் மறுபக்கம் சாயும், நீங்கள் வைத்த அளவு போய்விடும். அதனால் வேலையின் வரிசை முக்கியம். முதலில் ஆட்டத்தை எடுக்க வேண்டும், அப்புறம் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) த்ராட்டிலையும் ஒன்றுக்கொன்று பொருத்த வேண்டும், கடைசியில்தான் ஸ்லோ ஸ்குரு.

கையின் அசைவு எந்த வழியாகக் கார்புரேட்டருக்குப் போகிறது என்று ஒரு முறை கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். ஜான்சன், எவின்ரூட் போன்ற பழைய மோட்டார்களில் பெரும்பாலும் இப்படி இருக்கும். கைப்பிடிக்குள் ஒரு தண்டு ஓடும். அதன் நுனியில் உள்ள பல்சக்கரம் இன்னொரு பல்சக்கரத்தைத் திருப்பும். அதிலிருந்து ஒரு நெம்புகை (நெம்புகோல் போன்ற கை), ஒரு இணைப்புக் கம்பி. அந்தக் கம்பி, இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலுக்குக் கீழே, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் பிளேட்டைத் திருப்பும். பிளேட் திரும்பினால் ஸ்பார்க் டைமிங் முன்னே வரும். அதே பிளேட்டின் அடியில் வளைவாக ஒரு கேம் இருக்கும். அது கார்புரேட்டரில் உள்ள சிறிய ரோலரைத் தள்ளும். ரோலரோடு சேர்ந்து தண்டு திரும்பி, கார்புரேட்டரின் காற்று வழியை மூடித் திறக்கும் தட்டான பட்டர்ஃபிளை திறக்கும். சில மோட்டார்களில் பல்சக்கரத்துக்குப் பதிலாகக் கைப்பிடியிலிருந்தே இரண்டு கேபிள் வரும். மற்றபடி கதை ஒன்றுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, உங்கள் கை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: ஸ்பார்க்கை முன்னே தள்ளுகிறது, காற்றையும் பெட்ரோலையும் திறந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். நடுவில் ஆட்டம் வந்தால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஸ்பார்க் முன்னே போய் த்ராட்டில் பின்தங்கினால் இன்ஜின் திணறும், சட்டென்று திறந்தால் மூச்சு அடைத்தாற்போல நின்றே போகும். த்ராட்டில் முந்தினாலும் திணறல்தான், கூடவே புகை. இதைக் கார்புரேட்டர் அடைப்பு என்று நினைத்து மூன்று நான்கு முறை கழுவியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘இவ்வளவு சின்ன ஆட்டம் இவ்வளவு செய்யுமா?’ என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார்புரேட்டர் தண்டில் உள்ள கையின் நீளம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஆறு மூட்டு. ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. ஆட்டம். தனித்தனியாக ஆட்டிப் பார்த்தால் எதுவுமே லூஸ் என்று சொல்லத் தோன்றாது. ஆனால் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் 3 மி.மீ. அந்தக் கையில் 3 மி.மீ. என்றால் பட்டர்ஃபிளை எட்டரை டிகிரி திரும்பும். முழுத் திறப்பில் எட்டரை டிகிரி தெரியாது. ஸ்லோவில், தட்டு மயிரிழை மட்டும் திறந்திருக்கும் இடத்தில், அது ஸ்லோவுக்கும் கால் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம். இன்னொன்றும் உண்டு. நெம்புகையின் குட்டைப் பக்கம் 20 மி.மீ., நீளப் பக்கம் 60 மி.மீ. என்றால், குட்டைப் பக்கத்துப் பின்னில் உள்ள அரை மி.மீ. தேய்மானம் மறுமுனையில் ஒன்றரை மி.மீ. ஆகும். அதனால் குட்டைக் கையில் உள்ள பின்களை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள்.

அதே சமயம், எல்லா ஆட்டமும் குறை இல்லை. ஸ்லோவில் ரோலருக்கும் கேமுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். அப்போதுதான் பட்டர்ஃபிளை முழுதாக மூடித் தன் நிறுத்தத்தில் போய் உட்காரும். பல மோட்டார்களில் கைப்பிடியின் முதல் சில டிகிரி ஸ்பார்க்கை மட்டும் நகர்த்தும், த்ராட்டிலைத் தொடாது. இது வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்தது. இதையும் சேர்த்து எடுத்துவிட்டால் மோட்டார் ஸ்லோவுக்கு வரவே வராது. வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. வேண்டுமென்று வைத்த இடைவெளியில் கைப்பிடியை முறுக்கினால் மேக்னெட்டோ பிளேட் உடனே நகரும், ரோலர்தான் காத்திருக்கும். தேய்மானமாக இருந்தால் பிளேட்டே நகராது.

வேலை தொடங்கும் முன் இரண்டு பிளக்கிலிருந்தும் ஒயரைக் கழற்றி, இன்ஜின் உடம்பில் எர்த் படும்படி மாட்டிவிடுங்கள். பழைய மேக்னெட்டோ மோட்டாருக்கு பேட்டரி தேவையில்லை, ஃபிளைவீலைக் கையால் சுற்றினாலே தீப்பொறி வரும். பிரொப்பெல்லர் பக்கத்தில் ஒருவர் கை வைத்திருக்கும்போது அது கிளம்பினால் விரல் போய்விடும். பெட்ரோல் குழாயையும் கழற்றுங்கள்.

இப்போது ஆட்டத்தைத் தேடும் வேலை. ஒரு கையால் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இன்னொரு கையால் தடவிப் பார்ப்பது பயன் தராது, கண்ணும் கையும் ஏமாற்றும். நான் செய்வது இது. எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளை மை இருக்கிறதே, அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டையும் துணியும் பெட்ரோலும் கொண்டு துடைத்து, மூட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே மெல்லிய கோடு இழுங்கள்: பின்னின் தலையிலிருந்து நெம்புகைக்கு, கம்பி நுனியிலிருந்து அது நுழையும் கைக்கு, பல்சக்கரத்திலிருந்து தண்டுக்கு. காய்ந்ததும் ஒருவர் கைப்பிடியை மிக மெதுவாக, அரை அங்குலம் இப்படி, அரை அங்குலம் அப்படி என்று ஆட்டட்டும். நீங்கள் டார்ச் அடித்துக் கோடுகளைப் பாருங்கள். நல்ல மூட்டில் கோட்டின் இரு பாதியும் சேர்ந்து நகரும். தேய்ந்த மூட்டில் ஒரு பாதி நகர்ந்து, மறுபாதி சற்றுப் பொறுத்து, ‘டிக்’ என்று தொடரும். அந்த ‘டிக்’ எங்கெல்லாம் கேட்கிறதோ அங்கெல்லாம் வேலை இருக்கிறது. கைப்பிடியில் தொடங்கி கார்புரேட்டர்வரை வரிசையாகப் போய் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கண்டுபிடித்ததும் நின்றுவிடாதீர்கள். பழைய மோட்டாரில் எனக்கு மூன்றுக்குக் குறைவாகக் கிடைத்ததே இல்லை.

கைப்பிடியில் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே ஓடும் தண்டையும் பல்சக்கரத்தையும் பிணைக்கும் ரோல் பின். உப்புத் தண்ணீர் அங்கே போய்த் தங்கும். பின் துருவேறி மெலியும். சுத்தியால் தட்டி வெளியே எடுத்துப் பார்த்தால் நடுவில் இடுப்பு ஒடுங்கியது போல இருக்கும். புதிதாக அதே விட்டத்தில் ஸ்டெயின்லெஸ் பின் போடுங்கள். தண்டைத் தாங்கும் நைலான் புஷ் (துளைக்குள் உட்காரும் சிறு குழல்) வாய் அகன்றிருந்தால் மாற்றிவிடுங்கள். விலை குறைந்த பாகம், பலன் அதிகம். பல்சக்கரங்களின் பற்கள் தேய்வது அபூர்வம். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருப்பதுதான் வழக்கம், காரணம் பின்னால் உள்ள வாஷர் தேய்ந்திருக்கும். மெல்லிய வாஷர் ஒன்று சேர்த்தால் பற்கள் மறுபடி நன்றாகக் கவ்வும். மிகவும் இறுக்கிவிடாதீர்கள்.

கைப்பிடியின் அடியில் வேகத்தைப் பிடித்து வைக்கும் ஒரு இறுக்கு ஸ்குரு இருக்கும். பலர் த்ராட்டில் லூஸ் என்றால் இதைத்தான் இறுக்குகிறார்கள். கைக்கு இறுக்கமாகத் தெரியும், திருப்தியாகவும் இருக்கும். ஆனால் அது கைப்பிடியை மட்டும்தான் பிடிக்கிறது. அதற்கு அந்தப்பக்கம் உள்ள ஆட்டம் அப்படியே இருக்கும். அதோடு, அவசரத்தில் மூட வேண்டிய நேரத்தில் கைப்பிடி திரும்ப மறுக்கும். ஆட்டம் தேடும்போது இந்த ஸ்குருவை முழுதாகத் தளர்த்திவிடுங்கள்.

அடுத்து இணைப்புக் கம்பிகளின் நுனி. இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, உருண்டையும் குழியும்: உலோக உருண்டையின் மேல் பிளாஸ்டிக் கிண்ணம் ‘க்ளிக்’ என்று உட்காரும். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் அந்தக் கிண்ணம் வருடக்கணக்கில் காய்ந்து, விளிம்பில் தலைமுடி போன்ற விரிசல் விடும். மூடியிருக்கும்போது தெரியாது. உருண்டையிலிருந்து கழற்றி, கிண்ணத்தின் வாயை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். விரிசல் இருந்தால் வாய் திறக்கும். அப்படிப்பட்டதை ஒட்டுப்பசை போட்டுக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். கழற்றும் முன் கம்பியின் நீளத்தை, உருண்டை நடுவிலிருந்து உருண்டை நடுவரை, அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மரையில் எத்தனை சுற்று உள்ளே போயிருக்கிறது என்பதையும் எண்ணுங்கள். இந்த இரண்டு எண் இல்லாமல் மாட்டினால் பின்னால் ஒரு மணி நேரம் வீண்.

மற்றது, நெம்புகையின் துளைக்குள் நுழையும் பின், அதைப் பிடிக்கும் காட்டர் பின் (கால்களை வளைத்து மாட்டும் கம்பிப் பின்). இங்கேதான் உங்கள் கோளாறின் பெரும்பகுதி இருக்கும் என்று நினைக்கிறேன். பின் எஃகு, நெம்புகை பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. எஃகு அலுமினியத்தைத் தின்றுகொண்டே இருக்கும். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிவிடும். பின்னை வெளியே எடுத்து, துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்து, எதிர்ப்பக்கம் பழைய கறுப்போடு இருந்தால், அது வட்டமில்லை.

இதற்குப் புதிய, தடித்த பின் போடலாமே என்று தோன்றும். முட்டை வடிவத் துளைக்குள் எந்தப் பின்னைப் போட்டாலும் ஒரு திசையில் இறுகும், மறுதிசையில் ஆடும். எபாக்சி பசை ஊற்றி நடுவில் துளை போடுவதும் சில வாரமே தாங்கும். சரியான வழி, புஷ் அடிப்பது. பின் 6 மி.மீ., துளை தேய்ந்து ஒரு திசையில் 7 ஆகிவிட்டது என்று வையுங்கள். நெம்புகையைக் கழற்றி வைஸில் பிடித்து, துளையை 8 மி.மீ.க்கு விரிவாக்கி, வெளிவிட்டம் 8, உள்விட்டம் 6 உள்ள பித்தளை அல்லது அசிட்டால் பிளாஸ்டிக் புஷ்ஷை அழுத்திப் பொருத்துங்கள். கையில் பிடித்துக்கொண்டு ட்ரில் அடிக்காதீர்கள். ட்ரில் பிட் பழைய தேய்மானத்தின் பக்கமே இழுத்துக்கொண்டு போகும், புதிய துளையின் மையம் தள்ளிப்போய்விடும். ட்ரில் ஸ்டாண்டு இருந்தால் நல்லது. 7.8-க்கு அடித்துவிட்டுக் கடைசி 0.2 மி.மீ.யைக் கை ரீமரால் எடுத்தால் இன்னும் நல்லது. துளைக்குச் சுற்றிலும் போதிய உலோகம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். விளிம்புக்கு 3 மி.மீ.கூட மிஞ்சாது என்றால் அந்த நெம்புகையையே மாற்றிவிடுவது மேல். புஷ்ஷின் நீளம் நெம்புகையின் தடிமனைவிட நூலளவு கூடுதலாக இருக்கட்டும். வாஷர் புஷ்ஷின் மேல் உட்காரும், நெம்புகை தடையில்லாமல் திரும்பும்.

காட்டர் பின் ஒருமுறை போட்டு எடுத்தால் குப்பைக்கு. மறுபடி வளைத்தால் வளைந்த இடத்தில் முறியும். ஸ்டெயின்லெஸ் காட்டர் பின்தான் போட வேண்டும். என் முதல் மோட்டாரில் அவசரத்துக்குச் செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருந்தேன். செம்பு மிருதுவானது, அதிர்வில் மூன்று வாரத்தில் அறுந்தது. இணைப்புக் கம்பி நழுவி, த்ராட்டில் பாதித் திறப்பில் நின்றுவிட்டது. கரையில் கட்டியிருந்த படகுகளுக்கு நடுவே நுழைந்துகொண்டிருந்தேன். இடுப்பில் மாட்டியிருந்த, இழுத்தால் இன்ஜினை நிறுத்தும் கில் கயிற்றை இழுத்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்றிலிருந்து டப்பாவில் நான்கு அளவில் காட்டர் பின் இல்லாமல் நான் படகில் ஏறுவதில்லை. நீங்கள் ஒரு இடத்தில் கம்பி சுற்றியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை எடுங்கள்.

நட்டும் போல்ட்டுமாக இருக்கும் மூட்டுகளில் நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள். ஆட்டம் போகும்வரை இறுக்கி, அப்புறம் நெம்புகை தன் எடையிலேயே தாராளமாக விழும்வரை கொஞ்சம் தளர்த்துங்கள். ஆட்டத்தை எடுக்கும் ஆர்வத்தில் மூட்டை நெரித்துவிடுவது நல்ல கைவேலை தெரிந்தவர்களும் செய்யும் தவறு. ஆடும் த்ராட்டில் தொல்லை தரும். இறுகிய த்ராட்டில் மூடாது, அது ஆபத்து. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் ஆட்டத்தோடு ஓட்டுவேன்.

மேக்னெட்டோ பிளேட்டுக்கு வருவோம். ஃபிளைவீலுக்கு அடியில் தெரியும் பிளேட்டின் கையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் திரும்புவது அதன் வேலை. மேலும் கீழும் குதித்தாலோ சாய்ந்தாலோ பிளேட்டைத் தாங்கும் வளையம் தேய்ந்திருக்கிறது. பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள மோட்டாரில் இது த்ராட்டிலோடு நிற்காது. பிளேட் சாயும்போதெல்லாம் பாயின்ட் இடைவெளி மாறும், டைமிங் அலையும். பாதி வேகத்தில் சத்தம் ஏறி இறங்குவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சரிசெய்ய ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். மையத்தில் போல்ட் மாட்டி இழுக்கும் புல்லர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். கிராங்க் நுனியில் சுத்தியால் அடித்தால் மரை நசுங்கும், உள்ளே பேரிங் கெடும். விளிம்பைக் கவ்வி இழுக்கும் புல்லரும் வேண்டாம், ஃபிளைவீல் வளையும். திறந்ததும் வளையத்தை மாற்றி, பிளேட் உட்காரும் இடத்தில் கொஞ்சமாக கிரீஸ் தடவி, பாயின்ட் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். பழைய ஜான்சன், எவின்ரூட் மேக்னெட்டோவில் அது 0.5 மி.மீ., அதாவது அங்குலத்தில் 0.020. ஃபிளைவீல் நட்டை மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் விசை) இறுக்குவது கட்டாயம். தளர்வாக விட்டால் ஃபிளைவீலைக் கிராங்கோடு பிணைக்கும் சாவி அறுந்து டைமிங் ஓடிவிடும்.

ரோலரை மறந்துவிடாதீர்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய நைலான் உருளை அது. கேமின் மேல் ஓடி ஓடி ஒரு பக்கம் தட்டையாகிவிடும். தட்டையானதும் உருளாமல் வழுக்கும். விரலால் சுழற்றிப் பார்த்தால் தெரியும். மாற்றுங்கள். கேமின் வளைவில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். கார்புரேட்டரின் திரும்பு ஸ்பிரிங்கையும் பாருங்கள். கேம் திறக்கும், மூடுவது ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் சோர்ந்துவிட்டால் ரோலர் கேமை விட்டுப் பிரிந்து அதிர்வில் துள்ளும், பட்டர்ஃபிளையும் கூடவே துள்ளும். அதற்காக எங்கோ கிடைத்த தடித்த ஸ்பிரிங்கைப் போட்டால் எல்லாப் பின்னும் சீக்கிரம் தேயும். அந்த மாடலுக்கு உரியதையே போடுங்கள்.

கடைசி மூட்டு, கார்புரேட்டர் தண்டே. தண்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். தெரியும்படி ஆடினால் துளை தேய்ந்திருக்கிறது, அந்த வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். டூ-ஸ்ட்ரோக்கில் இதைச் சாதாரணமாக விடக்கூடாது. ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது; காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். லேத்தில் கொடுத்துத் தண்டுக்குப் புஷ் போடலாம், அல்லது நல்ல நிலையில் உள்ள பழைய கார்புரேட்டர் உடம்பைத் தேடலாம்.

எல்லா மூட்டும் சரியானதும் பொருத்தும் வேலை. இதைச் செய்யாமல் விட்டால் மேலே செய்ததெல்லாம் பாதி வேலைதான், ஏனென்றால் பழைய அளவுகள் பழைய ஆட்டத்தோடு சேர்த்து வைக்கப்பட்டவை. கேமில் ஒரு கோடு அல்லது குறி இருக்கும். ஸ்லோ ஸ்குருவைப் பின்னால் திருகி, பட்டர்ஃபிளை முழுதாக மூடட்டும். கைப்பிடியை மெதுவாக முறுக்குங்கள். ரோலரின் நடு, கேமில் உள்ள குறிக்கு நேரே வரும் அந்த நொடியில்தான் பட்டர்ஃபிளை அசையத் தொடங்க வேண்டும். அந்தத் தொடக்கம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு முதலைக் கிளிப்பைத் தண்டின் நுனியில் மாட்டி, அதன் வாயில் ஒரு மெல்லிய நீளக் குச்சியைக் கவ்வ விடுங்கள். தண்டு ஒரு டிகிரி திரும்பினாலும் குச்சி நுனி இரண்டு மூன்று மி.மீ. நகரும். குறிக்கு முன்பே குச்சி அசைந்தால் த்ராட்டில் முந்துகிறது. குறி தாண்டிய பிறகு அசைந்தால் பிந்துகிறது. ரோலர் கையின் சரிசெய்யும் ஸ்குருவைத் தளர்த்தி, ரோலர் கேமைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து, இறுக்குங்கள். இறுக்கும்போதே ஸ்குரு கையை இழுத்து நகர்த்திவிடும். அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள். எனக்கு மூன்றாவது முறைதான் பெரும்பாலும் சரியாக வரும்.

பிறகு முழுத் திறப்பு. நியூட்ரலில் பல மோட்டார்கள் முழுதாகத் திறக்க விடாது. பிரொப்பெல்லரைக் கையால் சுற்றிக்கொண்டே முன் கியருக்குக் கொண்டுபோங்கள், பிளக் ஒயர் கழன்றே இருக்கட்டும். முழுதாக முறுக்கியதும் பட்டர்ஃபிளை காற்றோட்டத்துக்கு நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். அதைத் தாண்டித் திரும்பினால் மறுபடி மூடத் தொடங்குகிறது என்று பொருள். முழு முறுக்கின் அழுத்தத்தைத் தாங்குவது மேக்னெட்டோ பிளேட்டின் நிறுத்தமாக இருக்கட்டும். கார்புரேட்டர் தண்டின் மேல் அந்த பலம் விழக்கூடாது.

ரிமோட் பாக்ஸும் கேபிளுமாக இருக்கும் மோட்டார்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கேபிளின் உறை வெடித்து உள்ளே துரு ஊறியிருந்தால் எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்க முடியாது, மாற்றுங்கள். உறையைப் பிடித்து நிறுத்தும் கிளிப் ஆடினால் நல்ல கேபிள்கூட லூஸாகத் தெரியும்; அதை முதலில் பாருங்கள். கேபிளை எப்போதும் கடைசியில் மாட்ட வேண்டும். மோட்டார் பக்கம் எல்லாம் பொருந்திய பிறகு, த்ராட்டில் கை ஸ்லோ நிறுத்தத்தில் மெல்ல அழுந்தி உட்காரும் அளவுக்கு கேபிள் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

மாட்டி முடித்ததும் இன்ஜினைக் கிளப்பும் முன் ஒரு சோதனை. கார்புரேட்டர் கையை விரலால் திறந்து சட்டென்று விடுங்கள். ‘டக்’ என்று நிறுத்தத்தில் போய் அடிக்க வேண்டும். தயங்கினாலோ பாதியில் நின்றாலோ எங்கோ நெரிகிறது, கிளப்பாதீர்கள். ஸ்டியரிங்கை இடது கோடிவரை, வலது கோடிவரை திருப்பியும் இதையே செய்து பாருங்கள். சில சமயம் திருப்பும்போது மட்டும் கேபிளோ கம்பியோ இழுபடும்.

மூட்டுகளுக்கு மரைன் கிரீஸ், அளவாக. துரு இளக்கும் ஸ்பிரே இறுகியதைக் கழற்றத்தான்; அதை கிரீஸுக்குப் பதிலாக அடித்தால் சில நாளில் காய்ந்து, இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். கழலக்கூடாத சின்ன ஸ்குருக்களுக்கு நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்ற நெருப்பு வைக்க வேண்டியிருக்கும்.

பாகம் தேடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். எவின்ரூட் அவுட்போர்டு உற்பத்தி 2020-ல் நின்றுவிட்டது, ஆனால் புஷ், ரோலர், ஸ்பிரிங் போன்றவை மற்றவர்கள் தயாரிப்பில் இன்னும் கிடைக்கின்றன. சரியான பாகம் கேட்க மாடல் ஆண்டு தெரிய வேண்டும். 1980-லிருந்து ஜான்சன், எவின்ரூட் மாடல் எண்ணில் ஆண்டை இலக்கமாக எழுதாமல் இரண்டு ஆங்கில எழுத்துகளாக எழுதினார்கள். கடைசி எழுத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய இரண்டைப் பாருங்கள். ‘சி’ என்றால் 8, ‘இ’ என்றால் 9. ‘ஐ’ 1, ‘என்’ 2, ‘டீ’ 3, ‘ஆர்’ 4, ‘ஓ’ 5, ‘டி’ 6, ‘யு’ 7, ‘எஸ்’ 0. ‘சி’யும் ‘ஓ’வும் இருந்தால் உங்களுடையது 1985 மாடல். இதில் ‘டீ’ என்று நான் எழுதியிருப்பது ஆங்கில வரிசையின் இருபதாவது எழுத்து, ‘டி’ நான்காவது எழுத்து. கடையில் சொல்லும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பதைத் தண்ணீரிலேயே செய்யுங்கள். தண்ணீர் இல்லாமல் சில நொடி ஓடினாலும் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இறக்கை கருகும். குழாய்த் தண்ணீர் கொடுக்கும் மஃப் மாட்டியிருந்தால்கூட ஸ்லோவில் மட்டும்தான். பிரொப்பெல்லருக்குச் சுமை இல்லாமல் த்ராட்டிலைத் திறந்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும். படகைப் பலமான கயிற்றால் கட்டி, கில் கயிற்றை மாட்டிக்கொண்டு கிளப்புங்கள். நன்றாகச் சூடானதும், முன் கியரில் போட்டு, இப்போதுதான் ஸ்லோ ஸ்குருவைத் தொடலாம். அளவு மேனுவலில் இருக்கும். பல சிறிய மோட்டார்களில் கியரில் நிமிடத்துக்கு 600-லிருந்து 800 சுற்றுக்குள் வரும். அப்புறம் கைப்பிடியைச் சிறிது சிறிதாக முறுக்கி ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் நிறுத்திக் கேளுங்கள். கையோடு சேர்ந்து சத்தம் நகர வேண்டும், நிறுத்தினால் நிற்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பாதி வேகத்தில் ஏறி இறங்கினால் த்ராட்டிலை விட்டுவிடுங்கள். பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், குழாய் இணைப்பில் காற்று, ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் குழாயில் உள்ள கை பம்பை அழுத்தினால் சரியாகிறதென்றால் பெட்ரோல் வரத்துதான் குறை.

வெள்ளைக் கோடுகளை அழிக்க வேண்டாம். பத்து மணி நேரம் ஓடிய பிறகு மூடியைத் திறந்து, கோடுகளைப் பாருங்கள். புதிய புஷ் உட்கார்ந்து ஏதாவது தளர்ந்திருந்தால் அதிலேயே தெரியும். ரோலர் கை ஸ்குருவையும் அப்போது ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுங்கள், முதலில் தளர்வது பெரும்பாலும் அதுதான்.